பால் பல்லில் வைத்த அடைப்பு ஏன் கழன்று விழுகிறது?

"விழப் போகிற பல்தானே டாக்டர், இதற்குப் போய் எதற்கு அடைப்பு?" என்பது பெற்றோர் கேட்கும் ஒரு ரகக் கேள்வி. "வெள்ளை சிமெண்ட் அடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் விழுந்து விட்டதே!" என்பது இன்னொரு ரகம். குழந்தைகளின் பற்களையே பார்த்து வரும் எனக்கு இரண்டாவதுதான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியதாகத் தோன்றுகிறது.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்லி விடுகிறேன். முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும். பால் கடைவாய்ப் பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவையும் அவைதாம்.

இனி, அடைப்பு விஷயம். சிமெண்ட் என்று நாம் சொன்னாலும் அந்த வெள்ளைப் பொருள் ரெசின் என்னும் பிசின் வகை. பல்லின் மேலோடான எனாமல் வழவழப்பானது. அதில் பிசின் தானாகப் பிடிக்காது. 1955இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனகோர் என்பவர் இதற்கு வழி கண்டார். பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் எனாமலில் தடவிக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன. பிசின் அவற்றுள் இறங்கி இறுகிக் கொள்கிறது. சுவரைக் கொத்தி விட்டுப் பூசுகிற கொத்தனார் வேலைதான். ஒரே வித்தியாசம், கொத்தனார் தண்ணீர் தெளிப்பார். இங்கே எனாமலில் ஈரம் இருக்கவே கூடாது. அவர் பயன்படுத்தியது 85 சதவீத அமிலம். இன்று 35, 37 சதவீதமே போதுமென்று ஆகிவிட்டது.

பால் பல்லில் என்ன சிக்கல்? எனாமல் என்பது நுண்ணிய தூண்களை நெருக்கி அடுக்கியது போன்ற அமைப்பு. அமிலம் அந்தத் தூண்களை அரித்துத்தான் பிடிமானம் தருகிறது. பால் பல்லின் மேற்பரப்பில் பெரும்பாலும் தூண்களே இல்லாத ஒரு மெல்லிய படலம் இருக்கும். அங்கே அமிலம் ஒழுங்காக வேலை செய்யாது. அதனால்தான் ஒரு காலத்தில் பால் பல்லுக்கு இரண்டு நிமிடம் அமிலம் வைக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் வாயைத் திறந்து அசையாமல் இருக்கும் நாலு வயதுக் குழந்தையை நான் இன்னும் பார்த்ததில்லை! பின்னர் வந்த ஆய்வுகள் 15 முதல் 30 விநாடியே போதும் என்று காட்டின. சொத்தையைச் சுரண்டும்போது ஓரத்தின் மேற்படலத்தையும் லேசாகத் தேய்த்து விட்டால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும். நிரந்தரப் பல்லைவிடப் பால் பல்லில் பிடிப்பு சற்றுக் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன; வித்தியாசமே இல்லை என்பவையும் உண்டு.

என் அனுபவத்தில் படலத்தைவிடப் பெரிய எதிரி எச்சில். அமிலத்தைக் கழுவி உலர்த்தியதும் பல் சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரியும். அந்த நேரத்தில் குழந்தை அழுது நாக்கைத் துழாவினால் எச்சில் பட்டு நுண்துளைகள் அடைபடும். மறுபடி கழுவி, உலர்த்தி, சில விநாடி அமிலம் வைத்துத்தான் தொடர வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் அடைப்பு கழலும். எனவே ஊருக்கு ரயில் ஏறும் நாளன்று குழந்தையை அழைத்து வராதீர்கள். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த காலை வேளையே நல்லது. ரப்பர் திரை மாட்டிப் பல்லைத் தனிப்படுத்தினால், "இதெல்லாம் எதற்கு?" என்று தடுக்க வேண்டாம்.

ஈரத்தைத் தவிர்க்கவே முடியாத குழந்தைக்கு நான் கிளாஸ் அயனோமர் வைப்பதுண்டு. பிசின் அளவுக்கு உறுதி இல்லை. ஆனால் ஈரத்தை ஓரளவு பொறுக்கும், பல்லோடு ரசாயன முறையில் ஒட்டும், ஃபுளோரைடையும் கசிய விடும். கடைவாய்ப் பல்லில் இரண்டு மூன்று பக்கம் சொத்தை என்றால் எந்த அடைப்பையும் நம்பாமல் ஸ்டீல் தொப்பி மாட்டுவதே மேல். பார்க்க வெள்ளிப் பல் மாதிரி இருக்கிறதே என்று அம்மாக்கள்தாம் முகம் சுளிப்பார்கள். குழந்தைகள் பள்ளியில் பெருமையாகக் காட்டித் திரிவார்கள். வயது வந்து பல் விழும்போது தொப்பியும் அதனோடேயே வந்துவிடும்.