வெங்காய வேர் நுனியில் நுண்குழல்களின் வேலையைக் காணும் முறை

தாவர செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுப்பதும், புதுச்சுவர் எழ வேண்டிய இடத்தை வகுப்பதும் நுண்குழல்களின் வேலை. டியூபுலின் புரதத்தால் ஆன இவற்றின் விட்டம் சுமார் 25 நானோமீட்டர். பள்ளி நுண்ணோக்கிக்கு இவை எட்டுவதில்லை. ஆனால் குரோமோசோம்கள் நிற்கும் இடத்தைக் கொண்டு இவற்றின் வேலையைத் தெளிவாகவே அறியலாம்.

வெங்காயத்தின் காய்ந்த வேர்களை நறுக்கிவிட்டு, அடிப்பகுதி மட்டும் நீரில் படும்படி குவளையின் வாயில் வைக்க வேண்டும். புது வேர்கள் 2, 3 செ.மீ. வளர்ந்ததும் காலையில் நுனிகளை வெட்டி, எத்தனால் 3 பங்கும் அசிட்டிக் அமிலம் 1 பங்கும் கலந்த கரைசலில் ஒரு நாள் வைக்கவும். பின்னர் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்தால் செல்களின் பிணைப்பு தளரும். நீரில் கழுவி, நுனியின் 2 மி.மீ. பகுதியை மட்டும் கண்ணாடித் தகட்டில் எடுத்து, அசிட்டோகார்மைன் சாயம் விட்டு மெல்லச் சூடாக்கவும். கவர் ஸ்லிப்பால் மூடி, உறிஞ்சுதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும். பெரும்பாலான தகடுகள் கெடுவது இங்கேதான்.

முதலில் மெட்டாஃபேஸ் செல்லைத் தேடவும். 16 குரோமோசோம்களும் நடுவில் ஒரே வரிசையில் நிற்கும். விலங்கு செல்லில் உள்ள சென்ட்ரோசோம் இங்கே இல்லை. காமா டியூபுலின் கூட்டமைப்பை ஆக்மின் புரதம் பழைய குழல்களின் மேல் கொண்டுவந்து அமர்த்த, அங்கிருந்து புதுக் குழல்கள் கிளைக்கின்றன. குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இப்படித்தான் உருவாகிறது.

அடுத்து டீலோஃபேஸ். இரு உட்கருக்களுக்கு நடுவே சில செல்களில் மெல்லிய கோடு தெரியும். அதுவே செல்தட்டு. அதைக் கட்டும் ஃபிராக்மோபிளாஸ்டில் எதிரெதிர்த் திசையிலிருந்து வரும் குழல்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. தறிகளில் பாவிழைகளின் இடைவெளியை அச்சு காப்பது போல, மேப்-65 புரதங்கள் அந்தக் குழல்களைக் குறுக்கே பிணைத்து நிறுத்துகின்றன. செல்தட்டு எங்கே சுவரைத் தொட வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. புரோஃபேஸுக்கு முன் தோன்றிப் பின்னர் மறையும் நுண்குழல் பட்டையின் இடத்தை, பாக் எனப்படும் கைனெசின் புரதங்கள் இறுதிவரை குறித்து வைத்திருக்கின்றன.

கல்லூரி ஆய்வகத்தில் இன்னொரு தகடும் செய்து பார்க்க வேண்டும். வெட்டும் முன் வேர்களைச் சில மணி நேரம் 0.05 சதவீத கோல்கிசின் கரைசலில் வைத்தால், அது டியூபுலினைப் பற்றிக் குழல் வளர்வதைத் தடுக்கும். கதிர்கோல் இல்லாததால் குரோமோசோம்கள் குறுகித் தடித்து, செல்லெங்கும் சிதறிக் கிடக்கும். இரண்டு தகடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தப் பயிற்சியின் உயிர். இந்தக் கோல்கிசின் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் உள்ளது. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். விலங்கு டியூபுலினை கோல்கிசின் இன்னும் வலுவாகப் பற்றுவதால், சிறிதளவே மனித உயிரைப் பறிக்கும். செங்காந்தள் கிழங்கை அரைத்துச் சாறெடுக்கவே கூடாது. ஆசிரியர் அளந்து தரும் கரைசலைக் கையுறை அணிந்தே தொட வேண்டும். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.