எச்சில் இலையை எடுப்பது யார்?

ஒரு புரோகிராம் ஓடும்போது மெமரியில் இடம் கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும். சி மொழியில் அதை நாமே எழுதணும். ஜாவா, பைத்தான், சி ஷார்ப் மொழிகளில் தானாகவே நடந்துவிடும். அந்த வேலையாளுக்குப் பெயர் கார்பேஜ் கலெக்டர். லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி கண்டுபிடித்த இந்த முறை 1960-லேயே அச்சில் வந்துவிட்டது.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. சாப்பிட்டு எழுந்தவர்களின் இலையை எடுத்தால்தான் அடுத்த ஆள் உட்கார முடியும். பெரிய மண்டபம் என்றால் கவலையே இல்லை. ஆனால் வாஷிங் மெஷினுக்குள்ளும் பொம்மைக் காருக்குள்ளும் இருக்கும் சிப், திண்ணை அளவு இடம்தான். ஆர்டுயினோ யூனோ போர்டில் ரேம் வெறும் 2 கே.பி. நான் எழுதும் இந்தக் கட்டுரையை யூனிகோடில் டைப் செய்தால்கூட அதில் முழுசாக அடங்காது!

இதில் மூன்று சிக்கல். கலெக்டர் இலை எடுக்கும் நேரத்தில் பரிமாறுவது நின்றுவிடும். கேம் விளையாடும்போது சில மில்லி செகண்ட் நின்றால் யாருக்குத் தெரியும்? வண்டி பிரேக்கில் அப்படி நிற்கலாமா? அடுத்தது, இடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலியாகும். ஐந்து இடம் காலி இருந்தும், ஐந்து பேர் குடும்பம் சேர்ந்து உட்கார முடியாது. மைக்ரோ பைத்தானில் இது நிஜமாகவே வரும். அதன் கலெக்டர் யாரையும் நகர்த்தி உட்கார வைக்காது.

மூன்றாவதுதான் பொல்லாதது. சாப்பிட்டு எழுந்தவர் துண்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனால்? 'ஆள் வருவார்' என்று இலையை எடுக்க மாட்டார்கள். 2005 அக்டோபர் 8-ல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் டார்ப்பா நடத்திய டிரைவர் இல்லாத கார் போட்டியில் நடந்தது இதுதான். மொத்தம் 212 கி.மீ., பரிசு 20 லட்சம் டாலர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் சி ஷார்ப் மொழியில் எழுதியிருந்தார்கள். வழியில் பார்க்கும் கல், புதர் எல்லாவற்றையும் கார் பட்டியலில் குறித்துக்கொள்ளும், தாண்டியதும் நீக்கிவிடும். ஆனால் அதே கல்லுக்கு புரோகிராமின் வேறொரு மூலையில் இன்னொரு இணைப்பு இருந்தது. அதை யாரும் அறுக்கவில்லை. துண்டு கிடக்கிறதே! கலெக்டர் தொடவே இல்லை. தாண்டிய கற்களாலேயே மெமரி நிறைந்து, சுமார் 15 கி.மீ. போனதும் கதை முடிந்தது. கல்லில் மோதி நின்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

ஜெயித்தது ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கார், ஏழு மணி நேரத்துக்குள்.

நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-ல் பத்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று, புரோகிராம் தொடங்கும்போதே வேண்டிய மெமரியை எடுத்துக்கொள், பிறகு கேட்காதே என்பது. அதாவது, இத்தனை இலைதான் என்று முதலிலேயே போட்டுவிடுவது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் என் ஓட்டு இதற்குத்தான். பாட்டுப் பாடும் பொம்மைக்கு மைக்ரோ பைத்தானே போதும், எழுதவும் ஜாலியா இருக்கும்.