பதாகை பிடிப்பது பங்கேற்பு அல்ல

அன்புள்ள மாணவிக்கு,

ஊத்தங்கரையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் உங்கள் ஊர் டவுன் பஸ் போய்விடுகிறது. வகுப்பு நேரத்தை மாற்றக் கேட்டால் அதட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். “சின்னப் பசங்க சொன்னா யாரு சார் கேப்பாங்க?” என்ற உன் கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை.

கேட்கத்தான் வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் பாதுகாவலர் சட்டம், 1890இலேயே, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்றது. 1989இல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் எதிலும் கருத்துச் சொல்லும் உரிமையை அதன் 12ஆம் பிரிவு குழந்தைக்குத் தருகிறது. பிள்ளை சொன்னதெல்லாம் நடந்தாக வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. கேட்காமல் முடிவெடுக்காதீர்கள் என்பதே பொருள்.

ஆனால் நம் ஊரில் பங்கேற்பு என்றால் விழிப்புணர்வுப் பேரணி! பெரியவர்கள் எழுதிய வாசகத்தைப் பிள்ளைகள் வெயிலில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். போட்டோ எடுத்ததும் கலைந்துவிடுவார்கள். ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதிய சிறுநூலைப் பலமுறை படித்திருக்கிறேன். அதில் அவர் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து, இத்தகைய அலங்காரத்தைக் கீழ்ப்படிகளில் வைத்தார். அவை பங்கேற்பே அல்ல என்றும் சொன்னார். இதை நம் தலைமையாசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

ஓசூரைத் தாண்டினால் வேறு பாடம் இருக்கிறது. கர்நாடகத்தில் 1990இல் வேலைக்குப் போகும் பிள்ளைகளே சேர்ந்து ‘பீமா சங்கா’ என்ற சங்கம் வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் குந்தாபுரா வட்டாரத்தில் ‘மக்கள பஞ்சாயத்து’ பிறந்தது. கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள். பிள்ளைகளே ஓட்டுப் போட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, ஊராட்சியோடு உட்கார்ந்து பேசினார்கள். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க நடைபாலம் வேண்டும் என்பது போன்ற தேவைகளை முன்வைத்தார்கள். எந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவு ஏறும் என்பது ஜீப்பில் வரும் அதிகாரிக்குத் தெரியாது, தினமும் இறங்கிப் போகிற பிள்ளைக்குத் தெரியும். குழந்தைகளைக் கேட்பது கருணையால் அல்ல, அவர்களிடம் மட்டுமே இருக்கும் தகவலுக்காக என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். பிறகு கர்நாடக அரசே ஊராட்சிகளில் குழந்தைகள் கிராம சபை நடத்த உத்தரவிட்டது.

உன் பஸ் விஷயமும் அப்படித்தான். நேரம் வகுத்தவர்கள் அந்தப் பஸ்ஸில் போவதில்லை. அழுது பயனில்லை. எந்தெந்த ஊர், எத்தனை பேர், பஸ் எத்தனை மணிக்கு, வீடு சேர எவ்வளவு நேரம் என்று தோழிகளோடு ஒரு வாரம் குறித்து வை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அவர்களில் ஒருவர் வழியாக அதைக் கூட்டத்தில் வைக்கச் சொல். நடக்காவிட்டால், திங்கட்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் பெற்றோரோடு போய் மனுக் கொடுத்து ரசீது வாங்கு. மனுவை நீயே எழுது. யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்