கை தூக்குகிறவர் மனசில் என்ன இருக்கிறது

மாமல்லபுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மறைமலைநகர் உதிரிபாகக் கம்பெனியில் செக்ரட்டரியாகச் சேரப்போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். சட்டமெல்லாம் இப்போது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். போர்டு மீட்டிங்கில் கை தூக்குகிறவர்கள் எதை நம்பித் தூக்குகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஃபோர்டு ஆலை இருக்கிறது. 1995-இல் மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து வந்தார்கள். முதலில் போட்டது எஸ்கார்ட், ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த கார். 1998-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் சின்ன சான்ட்ரோவை இறக்கியது. இருவருக்கும் அதே சென்னைத் துறைமுகம், அதே ஐடிஐ பையன்கள். இந்தியாவில் கார் வாங்கப்போகிறவன் யார் என்பதில்தான் இரண்டு போர்டும் வேறு வேறு ஆளை நினைத்திருந்தன என்பது என் கணிப்பு.

அப்புறம் நடந்ததைப் பார். 2019 அக்டோபரில் ஹாக்கெட் ஃபோர்டின் சிஇஓவாக இருந்தபோது, இந்தியத் தொழிலை 51 சதவீதம் மகிந்திரா கையில் இருக்கும் புதுக் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றுவதாக ஒப்பந்தம். 2020 அக்டோபரில் அவர் இடத்துக்கு ஃபார்லி வந்தார். அந்த டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் இல்லை. கொரோனாவால் நிலைமை மாறிவிட்டது என்றார்கள். 2021 செப்டம்பரில், பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இனி இங்கே கார் செய்யமாட்டோம் என்றார்கள். 2024 செப்டம்பரில் அதே ஃபார்லி காலத்திலேயே, ஏற்றுமதிக்கு இந்த ஆலை வேண்டும் என்று தமிழக அரசுக்குக் கடிதம். 2025-இல் 3,250 கோடி ரூபாயில் என்ஜின் திட்டம். அதே ஆலை உள்ளூர் விற்பனையை வைத்துப் பார்த்தால் சுமை, ஏற்றுமதியை வைத்துப் பார்த்தால் சொத்து. நடுவில் வேலை போனவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யார் விளக்குவது?

இங்கே மாமல்லபுரத்தில் ஒரு பாறைச் சிற்பத்தைக் கைடுகளில் ஒருவர் அர்ச்சுனன் தபசு என்பார், இன்னொருவர் அதையே பகீரதன் தபசு என்பார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் போர்டில் அப்படி விட முடியாது.

ஒரு புது பிரஸ் மெஷின் வாங்கும் தீர்மானம் வருகிறது என்று வை. ஆரம்பித்த முதலாளிக்கு அது பெரிய ஆர்டர். அவர் மகனுக்கு மின்சார வண்டி பாகங்களுக்கான அச்சாரம். முதலீட்டாளரின் பிரதிநிதிக்கு, ஐந்து வருஷத்தில் பங்கை விற்கும்போது ஏறப்போகிற விலை. நாலாமவர் பெரியவர் சொன்னாரே என்று தலையாட்டுகிறார். "ஏகமனதாக நிறைவேறியது" என்று நீ எழுதுவாய். ஆறு மாசத்தில் முதல் தவணை தவறும்போதுதான் நாலு பேரும் நாலு தீர்மானத்துக்குக் கை தூக்கியிருப்பது தெரியும். எதிர்ப்பு வந்த கூட்டத்தைவிட இந்த மாதிரி கூட்டத்துக்குத்தான் நீ பயப்பட வேண்டும். எதிர்த்தவர் பெயரை மினிட்ஸில் எழுதக் கம்பெனிச் சட்டம் 118-ஆவது பிரிவு சொல்கிறது. ஆமோதித்தவர் ஒவ்வொருவரும் எதை நினைத்து ஆமோதித்தார் என்று அது கேட்பதில்லை.

அதை நீ கேள். நிகழ்ச்சி நிரல் குறிப்பில், 'இந்தக் கணக்கு எதை நம்பி நிற்கிறது' என்று ஒரு பத்தி சேர்: எந்த வாடிக்கையாளர், எத்தனை வருஷம், இரும்பு என்ன விலை, டாலர் என்ன விலை. ஏழு நாள் முன்னால் நோட்டீஸ் போகிறதே, அந்த வாரத்தில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "சார், எது நடந்தால் இந்த முடிவு தப்பு என்பீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள். பெரியவர் கடைசியில் பேசட்டும் என்று சொல்லிப் பார். நம் ஊர்க் குடும்பக் கம்பெனிகளில் அவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் காபியைத்தான் குடிப்பார்கள். உன்மேல் எம்.டி.க்கு எரிச்சல் வரும். வரட்டும், மரியாதை மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்.

பதினைந்து நாளுக்குள் வரைவு மினிட்ஸ் அனுப்புவாய். 'நான் இதை நம்பி ஒப்புக்கொள்ளவில்லையே' என்று யாராவது பதில் போட்டால், சமாதானம் சொல்லி முடித்துவிடாதே. அந்தத் தீர்மானத்துக்குப் பணம் போவதற்கு முன்னால் சேர்மனிடம் கொண்டுபோ.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா