துருப்பிடித்த மேனிபோல்டு ஸ்டட்டை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டு, சூடேறியதும் அடங்கிவிடுகிறதா? எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் விரிசலோ கேஸ்கட் கசிவோ இருக்கலாம். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அது காருக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. தள்ளிப்போடாதீர்கள்.

மேனிபோல்டை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. துருவேறிய ஸ்டட்டுகள்தான் ஆளைச் சோதிக்கும். மாருதி 800 போல அலுமினிய ஹெட் உள்ள வண்டியை மனதில் வைத்தே சொல்கிறேன்.

வேலையை முந்தைய நாளே தொடங்குங்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின், வெளியே தெரியும் மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேயை அடித்து ஊறவிடுங்கள். படுக்கப்போகும் முன் இன்னொரு முறை.

மறுநாள் பேட்டரியின் நெகட்டிவ் வயர், ஆக்சிஜன் சென்சார் இருந்தால் அதன் கனெக்டர், ஹீட் ஷீல்டு, சைலன்சர் பைப் என்று வரிசையாகக் கழற்றுங்கள். அடியில் படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

நட்டுக்கு ஆறுமூலை சாக்கெட்தான் நல்லது. பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் முனையை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். கைக்கு ஸ்பிரிங் போலத் துவண்டு கொடுத்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே நட்டு சுழலவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது. இன்னும் கால் சுற்றில் உடைந்துவிடும்.

இனி சூடுதான் வழி. அடித்த ஸ்பிரேயைச் சுத்தமாகத் துடைத்து, பெட்ரோல் ஹோஸை ஒதுக்கி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நட்டை மட்டும் டார்ச்சால் சூடாக்குங்கள். ஹெட்டில் தீ படக்கூடாது. அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகும், அதுவும் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காமலே உருகும். தீயை அணைத்துவிட்டு மரையில் மெழுகுவர்த்தியை ஒற்றினால், மெழுகு உருகி இடுக்குக்குள் இறங்கி வழுக்கிக் கொடுக்கும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்தால் கவலை வேண்டாம். புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம்.

உடைந்தேவிட்டால்? முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு அடித்து, சிவப்பு அடங்கியதும் திருப்புங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஹெட்டோடு மட்டமாக உடைந்திருந்தால், சரியான நடுவில் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கிப் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்கி, உடைந்த துண்டை எடுக்க வேண்டும். மரை கெட்டுப்போனால் ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரையைப் போடலாம். உடைந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி-அவுட்டை மட்டும் தொடாதீர்கள்: அது உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதைத் துளைக்காது. துளை சாய்ந்தால் ஹெட்டே போய்விடும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே மேல்.

மாட்டும்போது ஹெட்டின் முகத்தைக் கீறாமல் சுத்தம் செய்து, கேஸ்கட், ஸ்டட், நட்டு எல்லாம் புதிதாகப் போடுங்கள். எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

முதல் ஓட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து கொஞ்சம் புகையும். திறந்த வெளியில் ஓடவிடுங்கள். சற்று நேரத்தில் புகை அடங்க வேண்டும். அடுத்த நாள் காலை ஸ்டார்ட்டிலும் 'டிக் டிக்' கேட்டால், ஆறிய எஞ்சினில் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.