டி.வி. நின்னு போச்சா? ஆள் கூப்பிடும் முன் நாமே பார்ப்போம்



சிப்காட் பக்கம் லைன் வீடுகளில் இருக்கும் நம் சகோதரிகள் கூட்டத்தில் அடிக்கடி சொல்லும் செலவு ஒன்று: "டி.வி. தெரியல, ஆள் வந்து பாத்தாரு, இருநூறு வாங்கிட்டாரு." வந்தவர் செய்தது பல நேரம் ஒரு ஒயரை இறுக்கியதுதான். டி.வி. என்றால் சீரியல் மட்டும் இல்லை. 2020-ல் பள்ளிகள் மூடியிருந்தபோது நம் பிள்ளைகள் கல்வித் தொலைக்காட்சியில்தான் பாடம் பார்த்தார்கள். எனவே இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஏன் திடீரென்று நிற்கிறது?

பழைய ஆன்டெனாவில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. சிக்னல் போதுமான அளவு இருக்கும்வரை படம் தெளிவாக இருக்கும். குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் குறைந்தால் நின்றே போகும். சின்னக் கோளாறும் பெரிதாகத் தெரிவது இதனால்தான். பெட்டியே போச்சு என்று பயப்பட வேண்டாம்.

முதலில் மூன்று கேள்விகள்

1. பக்கத்து வீட்டில் தெரிகிறதா? அதே கேபிளில் அங்கேயும் இல்லையென்றால் கோளாறு நம் வீட்டில் இல்லை. 2022 நவம்பரில் மாநிலம் முழுக்கப் பல லட்சம் அரசு கேபிள் பெட்டிகள் நின்றன. காரணம் மென்பொருள் சிக்கல். அன்று வீட்டில் எதைக் கழற்றி மாட்டினாலும் பயன் இருந்திருக்காது.

2. எல்லா சேனலும் போச்சா, சிலது மட்டுமா? சிலது மட்டும் என்றால் நம் பேக்கேஜில் அவை இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பகுதியில் தமிழோடு கன்னடம், தெலுங்கும் பார்க்கிறோம். வேண்டிய சேனலை நாமே தேர்ந்தெடுக்கும் முறை 2019-ல் வந்தது.

3. திரையில் என்ன எழுதியிருக்கிறது? ரீசார்ஜ் முடிந்ததா, சிக்னல் இல்லையா என்று பெட்டியே சொல்லும். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டி.வி.யில் மட்டும் சிக்னல் இல்லை என்று வந்து, பெட்டியில் விளக்கு எரிந்தால், ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி மாற்றிப் பாருங்கள்.

பிறகு செய்ய வேண்டியவை

• சுவிட்சை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள்.
• பெட்டியை அணைத்த பிறகு, பின்பக்கத் திருகை விரலால் இறுக்குங்கள். துரு இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.
• கார்டு இருந்தால் எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள்.
• ஒரே கேபிளைப் பிரித்துப் பல டி.வி.க்குக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் சிக்னல் குறையும்.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கு

செயற்கைக்கோள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பலத்த மழை அந்த அலையைத் தடுக்கும். மழை விட்டால் தானே வரும், ஆள் வேண்டாம். நம் பகுதியில் டிஷ் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் பார்த்திருக்கும். அந்தத் திசையில் தென்னை வளர்ந்தாலோ புது மாடி எழும்பினாலோ படம் உடையும். காற்றில் டிஷ் கொஞ்சம் திரும்பினாலும் போதும், படம் நின்றுவிடும்.

2004-ல் தூர்தர்ஷன் தொடங்கிய இலவச டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். சேனல் காணவில்லை என்றால் மெனுவில் மறுபடி சேனல் தேடவும்.

அத்திப்பள்ளி பக்கம் வீடு மாறினால்

டிஷ்ஷைக் கூடவே கொண்டுபோகலாம். அரசு கேபிள் பெட்டி அந்தக் கேபிளில் மட்டுமே வேலை செய்யும். அதை விற்காமல் ஆபரேட்டரிடம் ஒப்படையுங்கள்.

கவனம்!

சிமெண்ட் ஷீட் கூரை மேல் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். ஷீட் உடைந்தால் உயிருக்கே ஆபத்து. டிஷ்ஷைத் திருப்புவது, மின்கம்பி அருகே போகும் கேபிளைத் தொடுவது ஆள் வந்து செய்ய வேண்டிய வேலை. அதற்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. இடி மின்னல் வரும் முன்பே பிளக்கையும் கேபிளையும் கழற்றி விடுங்கள்.

வந்தவரிடம் என்ன செய்தார் என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். புகார் சொல்லியும் தீர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குழுக் கூட்டத்தில் பேச: சென்ற வருடம் டி.வி. ரிப்பேருக்கு நம் குழுவில் மொத்தம் எவ்வளவு செலவானது? அதில் நாமே சரி செய்திருக்கக்கூடியது எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.