மண் சுமக்க ஓர் அழைப்பு – திருப்பல்லாண்டு மூன்றாம் பாசுர அநுபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருப்பல்லாண்டின் பன்னிரண்டு பாசுரங்களில் முதலிரண்டில் பெரியாழ்வார் எம்பெருமானுக்கு மங்களாசாஸனம் செய்கிறார். தனியே பாடி அவர் திருவுள்ளம் அமைதி கொள்ளவில்லை. மேலே துணை தேடுகிறார். கைங்கர்யத்தையே பேறாகக் கொண்டவர்களை மூன்றாம் பாசுரத்திலும், கைவல்யத்தை விரும்பியவர்களை நான்காம் பாசுரத்திலும், ஐச்வர்யத்தை விரும்பியவர்களை ஐந்தாம் பாசுரத்திலும் அழைக்கிறார். அம்மூவரும் அடுத்த மூன்று பாசுரங்களில் வந்து சேர்கிறார்கள்; அதற்கடுத்த மூன்றில் ஆழ்வாரோடு கூடிப் பாடுகிறார்கள். இது பெரியவாச்சான் பிள்ளையின் வ்யாக்யானம் காட்டும் அடைவு.

கைங்கர்யபரர்களுக்கு ஆழ்வார் இடும் முதற்பணி எது என்பது சிந்திக்கத் தக்கது. மண்ணையும் மணத்தையும் கைக்கொள்ளச் சொல்கிறார். மண்ணாவது, உத்ஸவத்துக்கு முன் திருமுளை சாற்றுவதற்காக எடுத்து வரும் புழுதி மண். அதைப் பாலிகையில் இட்டு நவதானியம் விதைப்பது இன்றும் திருக்கோயில்களில் காணும் வழக்கம். மணமாவது, அந்த மங்கள காரியத்தைத் தன் வீட்டுக் கல்யாணமாகவே அபிமானித்திருக்கை. சுமப்பதற்குத் தோளும் மகிழ்வதற்கு நெஞ்சும் இரண்டும் வேண்டும் என்றபடி.

அதே பாசுரத்தில் ஒரு விலக்கும் உண்டு. சோற்றுக்காகத் தன்னை எழுதிக் கொடுத்தவர்களைத் தம் கோஷ்டியில் புகவிடோம் என்கிறார் ஆழ்வார். தொடர்ந்து, ஏழு தலைமுறையாகக் குற்றமற்றவர்கள் நாங்கள் என்று தம் குடியைச் சொல்லிக் கொள்கிறார். தான் நடுவாக, முன் மூன்றும் பின் மூன்றுமாக ஏழு என்று பெரியோர் கணக்கிடுவர்.

இவ்விலக்கை அடியேன் நெடுநாள் தவறாகப் புரிந்து கொண்டிருந்தேன். அதைத் திருத்தியது ஒரு கட்டடப் பணி.

எங்கள் ஊரில் அருளிச்செயல் கோஷ்டிக்காகச் சிறிய ராமாநுஜ கூடம் ஒன்று எழுந்தது. வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் கணக்கு அடியேனிடம் வந்தது. திறப்பு நாள் நெருங்க நெருங்க உறவினரும் நண்பர்களும் வந்து குவிந்தனர். தேவிகள் மாக்கோலத்துக்கு அரிசி அரைத்தார். பேரன்மார் மாவிலைத் தோரணம் கட்டினர். பழைய அலுவலக நண்பர்கள் தளிகைப் பாத்திரங்களைச் சுமந்து வந்தனர். இவர்களே ஆழ்வார் அழைத்த கூட்டம் என்று மகிழ்ந்தேன். கொத்தனாரும் அவர் குடும்பத்தாரும் கூலிக்கு வந்தவர்கள். அவர்கள் கணக்கு வேறு என்று பேரேட்டில் தனிப் பத்தியே இட்டிருந்தேன்.

திறப்புக்கு முதல் நாள் மாலை கூலி பட்டுவாடா முடிந்தது. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைக்கச் சென்றபோது கொத்தனாரும் அவர் மனைவியும் மகளும் தரையில் ஒட்டிய சிமெண்டுத் துளிகளைச் சுரண்டிக் கழுவிக் கொண்டிருந்தார்கள். கூடுதல் நேரத்துக்கு என்ன கொடுப்பது என்று கேட்டேன். “கூலி வேல சாயந்தரமே முடிஞ்சுது சாமி. இது எங்க வேல” என்றார் அவர்.

அன்றிரவு வ்யாக்யானத்தை மீண்டும் சேவித்தேன். ஆழ்வார் விலக்கியது உழைத்து ஊதியம் பெறுகிறவரை அன்று. எம்பெருமானிடம் நின்று அவனை விட்டு வேறொரு பயனைக் கொள்கிறவரை. அந்தக் கொத்தனார் கூலி பெற்றது எங்களிடம். அவன் திருமுன்பே அவர் கேட்டது ஒன்றுமில்லை. அடியேனோ, வாசலில் பதிக்கவிருந்த பளிங்குக் கல்லில் தன் பெயர் முதல் வரியில் வருமாறு எழுதிக் கொடுத்திருந்தேன். சோற்றுக்குப் பதிலாகப் பெயர், அவ்வளவே வேறுபாடு. ஆழ்வார் திருவாக்கின்படி வெளியே நிற்க வேண்டியவன் யார் என்பது தெளிவாயிற்று.

மறுநாள் காலை கோஷ்டியாரிடம் விண்ணப்பித்தேன். சிலருக்கு வருத்தமே, ஆயினும் பெயர்ப் பட்டியலை விடுத்து, அடியார்கள் கைங்கர்யம் என்று மட்டும் பொறிக்க இசைந்தனர். தீர்த்த மரியாதை கொத்தனார் குடும்பத்துக்கும் உறவினரோடு ஒரே வரிசையில் நடந்தது.

ஆழ்வாரின் கருணை இதற்கு மேலும் உண்டு. மூன்றாம் பாசுரத்தில் விலக்கியவர் அதோடு நிற்கவில்லை. வேறு பயன் கருதினவர்களையும் அடுத்த பாசுரங்களில், அந்த ஆசையை விட்டு விரைந்து வாருங்கள் என்று அழைக்கிறார். எட்டாம் பாசுரத்தில் ஐச்வர்யார்த்தி, தான் பெற்ற நல்ல சோறும் வெற்றிலைபாக்கும் அணியும் சந்தனமும் அவன் தந்தவை என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறான். கதவு அடைக்கப்படவில்லை, கையில் உள்ளதை இன்னார் தந்தது என்று அறிவதே நுழைவு.

பெயரில்லாத அந்தக் கல்லைக் காணும்போது இன்றும் நெஞ்சில் சிறிது உறுத்துகிறது. அது உள்ளவரை அடியேன் ஐந்தாம் பாசுரத்தில் அழைக்கப்படுகிறவனே. மூன்றாம் பாசுரத்தில் அழைக்கப்பட்டவர்கள் அன்றிரவே தரையைக் கழுவி முடித்துவிட்டார்கள்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்